கண்ணாடிச் சுங்கானை ஒட்டிவிட்டோம், அண்ணை

என் ஆசை அண்ணை,

உங்களோடு எனக்குக் கோபம் இருந்தது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் சுகம் விசாரிப்பேன். செத்தவரிடம் சுகம் விசாரிப்பது விசர்க்கதைதான். ஆனாலும் உங்களோடு வேறு எப்படிக் கதை தொடங்குவது?

கப்பல் வேலைக்குத் திரும்பவென்று கொழும்புக்கு வெளிக்கிட்டு, கிளாலிக் கடலைத் தாண்டப் படகேறினீர்கள். அந்தப் படகில் போன ஒருவரும் அக்கரை சேரவில்லை. உங்கள் உடுப்புப் பை மட்டும் கரை ஒதுங்கியது. உடம்பு கிடைக்காததால் ஒரு கிரியையும் நடக்கவில்லை.

மச்சாளோடு எவ்வளவு சண்டை பிடித்தேன் தெரியுமா? "அண்ணைக்கு ஒரு பிடி சோறெண்டாலும் படைக்க வேணும், மச்சாள். மனுசன் அந்தரிச்சுத் திரியிறார்" என்பேன். உங்கள் மனுசி குங்குமத்தையும் அழிக்கவில்லை, மசியவும் இல்லை. "பிணத்தைக் கண்டனீரோ? காணேல்லையெல்லே? பிறகென்ன கதை?" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

ஆனால் நீங்கள் திரிந்தீர்கள், அண்ணை. விறாந்தையில் இருமினீர்கள். விடியப்புறத்தில் நெருப்புக்குச்சி உரசும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்கும். ஒரு பெட்டி நெருப்புக்குச்சிக்குச் சங்கக்கடையில் வரிசையில் நிற்கிற காலத்தில் இப்படி உரசித் தள்ள உங்களுக்கு எப்படி மனம் வந்தது? எழும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. ஓடிவந்து போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். உங்களுக்கு என்னதான் வேண்டியிருந்தது?

ஏதோ ஒரு துறைமுகத்தில் நீங்கள் வாங்கிவந்த, புகை பிடிக்கிற கண்ணாடிச் சுங்கான் அலுமாரிக்குள் இருந்தது. "கடல் வழிக்கு உது ஆகாது, உடைஞ்சுபோம். வந்து பத்துறன்" என்று மச்சாளிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். எங்கள் நீர்வேலித் தோட்டத்துப் புகையிலையை அதில் அடைத்து, கண்ணாடிக்குள்ளால் புகை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். பத்துவதைவிடப் பார்ப்பதுதான் கூட.

போன மாதம் பொம்மர் வந்து பக்கத்து வாழைத்தோட்டத்தில் குண்டு போட்டது. பங்கருக்குள்ளிருந்து வெளியே வந்து பார்த்தால் ஓடு நொறுங்கி, அலுமாரி சரிந்து, சுங்கானின் தண்டு இரண்டாக முறிந்து கிடந்தது. மச்சாள் அழவில்லை. துண்டுகளைச் சீலைத் தலைப்பில் பொறுக்கிக்கொண்டு வந்து, "இதை ஒட்ட வேணும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம்! வரப்போகிற மனிதனுக்கு எடுத்துவைக்கவாக்கும் என்று நினைத்தேன். "கடையிலை ஒரு பசையும் இல்லை. சாமான் ஒண்டும் வரவிடுறாங்களில்லையே" என்றேன்.

"முட்டை வெள்ளைக்கருவும் வெத்திலைச் சுண்ணாம்பும் காணும். விளக்குச் சிமினி வெடிச்சால் அதாலைதானே ஒட்டுறனாங்கள்."

கோழி மனம் வைத்து ஒரு முட்டையிட்டது. நான் குழைத்தேன். கறை இருந்தால் ஒட்டாதே என்று தண்டைச் சாம்பல் போட்டுக் கழுவப் போனேன். மச்சாள் என் கையைப் பிடித்துவிட்டார். "முறிஞ்ச விளிம்பை மட்டும் துடையும். உள்ளை கழுவாதையும். அது அவர் பத்தின கறை."

அவர் இரண்டு துண்டையும் நேரே பிடிக்க, நான் பூசி, மேலே பருத்தி நூலைச் சுற்றினேன். முதல் தரம் கோணலாகிப் பிரிந்தது. யார் அசைத்தது என்று அதற்கும் ஒரு சண்டை. திரும்ப ஒட்டி, அசையாதபடி உமிக்குள் புதைத்துக் காயவிட்டோம்.

காய்ந்த பிறகு ஊதிப் பார்க்க வேண்டுமே? நான் மாட்டேன் என்றேன். மச்சாள் புகையிலையைக் கிள்ளி அடைத்து, தானே பற்றவைத்து இழுத்தார். இருமி இருமிக் கண்ணால் தண்ணீர் வந்தது. நூல் சுற்றிய இடத்தைத் தாண்டிப் புகை ஓடியது, அண்ணை. எங்கேயும் கசியவில்லை. வீடெல்லாம் உங்கள் மணம்.

வேலிக்கு அங்காலிருந்து பக்கத்து வளவு மணியண்ணையின் குரல் கேட்டது. "பிள்ளை! தம்பி வந்திட்டானே? சுங்கான் மணக்குது!"

மச்சாள் சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். "இல்லை அண்ணை. அவர் செத்துப்போனார். நாளைக்குப் படைக்கப் போறம். உடைஞ்ச சாமானைப் படைக்கக் கூடாதெண்டுதான் ஒட்டினனாங்கள். நீங்களும் வாங்கோ."

அந்தச் சொல்லை மச்சாள் வாயால் கேட்க வேண்டுமென்று எத்தனை நாள் துடித்தேன்! கேட்டதும், "ஐயோ, சொல்லாதேங்கோ" என்று அந்த வாயைப் பொத்த ஓடினேன். அதுவரை நானும் உங்களைச் சாகவிடவில்லை, அண்ணை.

அடுத்த நாள் பின்னேரம் புட்டும் சுறா வறையும் கள்ளும் வைத்துப் படைத்தோம். இலையோரத்தில் சுங்கான் புகைந்தது. பிறகு ஒரு பங்கைச் சந்தியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அது ஆம்பிளைகள் செய்கிற வேலை, தான் கொண்டுபோவதாக மணியண்ணை சொன்னார். மச்சாள் விடவில்லை. நாங்கள் இருவருமே போனோம், சுங்கானும் கூட.

பங்கையும் சுங்கானையும் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வர வேண்டும். பார்த்தால் செத்தவர் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுவார் என்பார்கள். நான் மண்ணைப் பார்த்தபடி நடந்தேன். வீட்டுக்கு வரும் ஒழுங்கை வளைவில் மச்சாள் நின்றார். திரும்பி, சந்தியை வடிவாகப் பார்த்தார்.

"ஐயோ மச்சாள், என்ன வேலை பாக்கிறியள்! பின்னாலை வந்திடுவாரெல்லே!"

"வரட்டும்" என்றார். "ஆர் வேண்டாமெண்டது?"

நானும் திரும்பிப் பார்த்தேன், அண்ணை.

ஆகவே நீங்கள் இப்போது எங்களோடு வந்திருக்கிறீர்கள். இங்கே எல்லாருடைய வாயிலும் இடம்பெயர்கிற கதைதான். எந்த நாள், எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஓட வேண்டி வந்தால், எதை விட்டாலும் உங்களை விட்டுவிட்டுப் போக மாட்டேன். படலையைச் சாத்தும்போது, சனம் பார்த்துச் சிரித்தாலும் சரி, "அண்ணை, வெளிக்கிடுங்கோ, போவம்" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டுத்தான் தெருவில் இறங்குவேன். சத்தியம்.

உங்களுக்குப் பின்னால் பிறந்து,
இப்போது முன்னால் நடக்கிற
தங்கச்சி