நடாத மூலை

இன்று காலை ஆபீசில் ஒரு பத்திரத்தைச் சரிபார்த்துக்கொண்டே மூக்கைத் தேய்த்தேன். விரலில் காட்டு எலுமிச்சை வாசனை. நேற்று ஞாயிற்றுக்கிழமை இலையைக் கசக்கியது, ராத்திரிக் குளியலையும் காலைக் குளியலையும் தாண்டி அப்படியே இருந்தது. அவ்வளவுதான், கண் நிறைந்துவிட்டது. எதிரே நின்ற மனை புரோக்கர் பயந்துபோய், "மேடம், பத்திரத்துல எதுனா மிஸ்டேக்கா?" என்றார். பிறகு வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

பத்திரப் பதிவு அலுவலகக் குமாஸ்தாவுக்கு நாள் முழுக்க 'காலி மனை, காலி மனை' என்று படிப்பதுதான் பிழைப்பு. நீ அதை வைத்து என்னைப் படுத்தியது கொஞ்சமா? "உங்க ஆபீஸ்ல எல்லா எடமும் காலிதாண்டி. உள்ள இன்னா கீதுன்னு பாத்தவன் ஒர்த்தனாச்சும் கீறானா?" என்பாய். மருத்துவமனை வார்டில் நர்ஸாக இருந்தவள் நீ. கண்ணை மூடிக் கிடக்கிற ஆளைப் பார்த்து "அவ்வளவுதான்" என்று யாராவது சொல்லிவிட்டால் உனக்கு வருமே ஒரு கோபம், அதே கோபம் இந்தக் 'காலி' என்ற சொல்லுக்கும் வந்தது.

நம் நடவுக் குழுவில் அந்தக் கோபத்தை முதலில் வாங்கிக் கட்டிக்கொண்டவர் மேனேஜர் சார். வங்கியில் ஓய்வுபெற்ற மனுஷன், தங்கமானவர், ஆனால் வெறும் தரையைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. திருப்போரூருக்கும் கடற்கரைக்கும் நடுவே, சவுக்குத் தோப்பை ஒட்டி, பஞ்சாயத்தில் நமக்குப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த புறம்போக்கு அது. புன்னை, நுணா, வெப்பாலை என்று இந்த மண்ணின் மரங்களாகத் தேடி நட்டு ஏறக்குறைய நிரப்பிவிட்டோம். வடகிழக்கு மூலை மட்டும் மிச்சம். மணலும் முள்ளும் ஆட்டுப் புழுக்கையும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. அங்கே போய் நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாய்.

"சார், இந்த மூலைய மட்டும் உட்டுடுங்க. வேலி போடுங்க, ஆட்டத் தொரத்துங்க, சீமைக் கருவேலத்தப் புடுங்குங்க. ஆனா குழி மட்டும் வெட்டக் கூடாது."

"எதுவுமே நடலைன்னா நடவுக் குழுன்னு நமக்கு எதுக்கும்மா பேரு?"

"பேர மாத்திக்கலாம் சார்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் உன்னை மீறிக் கடப்பாரையைத் தூக்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. வேலி போட்டோம். அதோடு மறந்தும் போனோம்.

அந்த ஐப்பசி மழை விட்ட காலையில் போன் பண்ணினாயே! "இன்னாடி பண்ணிகினு கீற? வண்டிய எடுத்துகினு வா. நாஸ்தாலாம் அப்பால துன்னலாம்." போய்ப் பார்த்தால் நீ சேற்றில் முட்டி போட்டிருந்தாய். உன் முன்னால் கணுக்கால் உயரத்துக்கு நாலு பச்சை இலை. இதற்கா என்று கேட்க வாயெடுத்தேன். நீ என் கையைப் பிடித்து இலைக்கு அடியில் வைத்தாய். என் மணிக்கட்டு அளவுக்கு, முறுக்கிக்கொண்டு, கட்டை மாதிரி ஒரு தண்டு. அதில் வெட்டுத் தழும்பு மேல் வெட்டுத் தழும்பு. விறகுக்கு யார் யாரோ வெட்டியது, தப்பியதை ஆடு கடித்தது. "இது செடி இல்லடி. மரம். எத்தினி வருசமா வெட்டுப் பட்டுகினே உயிரோட கீது பாரேன்" என்றாய். அப்போதுதான் இலையைக் கசக்கி முகர்ந்தோம், காட்டு எலுமிச்சை. யாரும் நடாத ஒன்று, யாரும் தண்ணீர் ஊற்றாத ஒன்று, நாம் நிற்கிற இடத்திலேயே இத்தனை காலம் இருந்திருக்கிறது. அந்த மழைக்காலம் முழுக்க மூலையெங்கும் துளிர் எட்டிப் பார்த்தது, முக்கால்வாசி பாலைச் செடிகள். நாம் போய்ப் போய்ப் பார்த்து நின்றோம்.

போன புரட்டாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போய்விட்டாய். உன்னிடம் சொல்வதற்கென்ன, இரண்டு ஞாயிறு நான் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. மூன்றாவது ஞாயிறு போனபோது குழு ஒரு முடிவோடு இருந்தது. உன் நினைவாக ஒரு புன்னங்கன்று, அதன் முன்னால் உன் பெயர் பொறித்த கல். எங்கே? அந்த மூலையில்தான். "அவங்க உசுரா நெனச்ச எடம் அதானேம்மா" என்றார் மேனேஜர் சார். மாமல்லபுரத்துக் கல்பட்டறைக்காரர், நாம் அண்ணாத்த என்று கூப்பிடுவோமே, அவர் கருங்கல்லில் உன் பெயரை வெட்டியே கொண்டுவந்துவிட்டார்.

"அங்க குழி வெட்டக் கூடாதுன்னு அவ சொன்னாளே" என்றேன். கன்றை வேறெங்காவது வைப்போம் என்று கெஞ்சினேன். உன் பெயருக்கு ஒரு மரம் வைப்பதைக்கூட நான் தடுக்கிறேன் என்று எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். வேண்டாதவர்களாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். உன் மேல் உயிரையே வைத்திருந்தவர்களிடம் என்ன சண்டை போடுவது? துளிர் இல்லாத இடமாகப் பார்த்து அண்ணாத்த கடப்பாரையை ஓங்கினார். நீ விட்டுப்போன ஒன்றே ஒன்றையும் காப்பாற்றத் தெரியாமல் நின்றேன்.

குழி முழங்கால் ஆழத்தைத் தொட்டபோது கடப்பாரை எதிலோ இடித்து நின்றது. "கல்லா அண்ணாத்த?" என்று யாரோ கேட்டார்கள்.

"கல்லு இல்ல. கல்லுன்னா என் கைக்குத் தெரியாதா?" என்றவர் குனிந்து பார்த்துவிட்டு, "யக்கா, இங்க வா, பாலு வருது" என்றார்.

சிராய்த்த இடத்தில் வெள்ளையாகப் பால் கசிந்துகொண்டிருந்தது. உலக்கைப்பாலை மரம். எல்லோரும் உட்கார்ந்து கையாலேயே மணலை ஒதுக்கினோம். ஒதுக்க ஒதுக்க அது அகன்றுகொண்டே போனது. நான் இரண்டு கையையும் விரித்தாலும் அடங்காத அடிமரம், எந்தக் காலத்திலோ வெட்டப்பட்டு, மேலே மணல் மூடிப்போய், உள்ளே உயிரோடு. அதன் விளிம்பிலிருந்துதான் அந்தத் துளிர்கள் மேலே போயிருந்தன. தனித்தனிப் பாலைச் செடிகள் என்று நீயும் நானும் வேடிக்கை பார்த்தோமே, அத்தனையும் ஒரே மரம். உனக்கும் இது தெரியாது. நீ சும்மா இருக்க விட்டாய், அவ்வளவுதான். அதைப் பார்க்க நீ இல்லையே என்று அங்கேயே வாய்விட்டு அழுதேன்.

மேனேஜர் சார் எழுந்து நின்று செருப்பைக் கழற்றி வேலிக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். "மூடிடுங்க" என்றார். உன் நினைவாக நாங்கள் அன்று செய்தது, வெட்டிய குழியை மூடியதுதான். புன்னங்கன்று வாசல் பக்கம் போயிற்று.

"கல்ல இன்னா பண்றது? பேரு வெட்டிட்டனே" என்று அண்ணாத்த தலையைச் சொறிந்தார். வேலிக்கு வெளியே அதைக் கவிழ்த்துப் போட்டோம். உன் பெயர் மண்ணைப் பார்த்துக் கிடக்கிறது. அதன் மேல் உட்கார்ந்து டீ குடிக்கிறோம்.

நேற்று பொத்தேரி கல்லூரி விடுதியிலிருந்து புதிதாக வந்த பெண் ஒருத்தி, கையில் மண்வெட்டியோடு வேலிக்கு அருகில் நின்று, "இங்க எதுவுமே இல்லியே ஆன்ட்டி, நாலு கன்னு வெச்சிடலாமா?" என்று கேட்டாள். "இன்னாது, எதுவுமே இல்லியா?" என்று நான் போட்ட சத்தத்தில் தோப்பிலிருந்த காக்கையெல்லாம் பறந்தது. இத்தனை வருஷம் அலுவலகத்தில் அதிர்ந்து பேசாத எனக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் புரிந்தது. பத்திரம், பதிவு எதுவும் இல்லாமல் உன்னிடமிருந்து என் பெயருக்கு மாறிய சொத்து அந்தக் கோபம் ஒன்றுதான். அதை யாருக்கும் விற்கமாட்டேன்.