மல்லிகைக்குத் தண்ணீர் நிறுத்தும் காலம்

பிப்ரவரி 4

இந்தாம்மா,

எப்படித் தொடங்குவது என்று அரைமணி நேரம் யோசித்தேன். முப்பத்தாறு வருஷமாக உன்னை இப்படித்தானே கூப்பிட்டிருக்கிறேன், இதுவே இருக்கட்டும். போன் செய்தால் மகள் எடுத்து, "அம்மா குளிக்கிறாங்கப்பா" என்கிறாள். ஒரு நாளைக்கு நாலு தடவையா குளிப்பாய்? அதனால்தான் கடிதம். தபால்காரர் நீட்டினால் வாங்கித்தானே ஆக வேண்டும்.

நீ மகள் வீட்டுக்குப் போய் மூன்று வாரமாகிறது. நான் நலம். முட்டிவலி அப்படியே இருக்கிறது. தோட்டத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். எல்லாச் செடிக்கும் காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. ஆலையில் மெஷினுக்கு எண்ணெய் விட்டதைப்போல நேரம் தப்புவதில்லை. இருந்தும் மல்லிகை இலை பழுத்து உதிர்கிறது, மருந்துக்குக்கூட ஒரு மொட்டு இல்லை. செம்பருத்தித் தண்டில் மாவு அப்பியதுபோல வெள்ளையாக ஏதோ இருக்கிறது. என்ன செய்ய? எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
நான்தான்.

பிப்ரவரி 11

என்னங்க,

கடிதம் கிடைத்தது. தைலம் அலமாரியில் சட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறது. தேய்த்துவிட்டு உடனே நடக்காதீர்கள்.

மல்லிகையை நீங்கள் மூழ்கடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பத்து நாளைக்கு ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. கிளைகளை இடுப்புயரத்துக்கு வெட்டி, மிச்ச இலைகளையும் உருவிவிடுங்கள். மொட்டையாக நிற்கும், பயப்பட வேண்டாம். அப்புறம் எரு வைத்துத் தண்ணீர் விட்டால் ஒரு மாதத்தில் பாருங்கள். செம்பருத்தியில் இருப்பது மாவுப்பூச்சி. பழைய பல் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தெடுங்கள். செடிக்குத் தாகம் எடுத்தால் தலையைத் தொங்கப் போடும். அதைப் பார்த்து ஊற்றுங்கள், கடிகாரத்தைப் பார்த்து அல்ல.

பேரன் சுகம். முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் உங்கள் சாயல்.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். அதை அப்புறம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
நான்.

மார்ச் 20

இந்தாம்மா,

பூத்துவிட்டது. மொட்டையாக நின்றபோது கொன்றுவிட்டோம் என்றே நினைத்தேன். முந்தாநாள் மாலை நாலு மணிக்குப் பார்த்தால், விரல் வைக்க இடமில்லாமல் மொட்டு. பறித்துக்கொண்டு உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது, இவ்வளவு பூவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

கேட் சத்தம் கேட்டது. அடுத்த தெரு தையற்கார அம்மா நின்றாள். "அம்மா இருந்தா தினமும் ஒரு கிண்ணம் குடுப்பாங்க. வாசனை வருது, அதான் எட்டிப் பாத்தேன்" என்றாள். நீ கொடுப்பாய் என்பதே எனக்குத் தெரியாது. நான் ஆலைக்குக் கிளம்பிய பிறகு உன் பகல் முழுக்க யார் யாரோடு போயிருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்துகொள்கிறேன்.

இன்னொன்றும் அவள் சொல்லித்தான் தெரியும். எதிர்வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் வாத்தியார் ஜன்னலில் தினமும் ஒரு ரோஜா வைப்பாயாமே. மறுநாள் காலை நான் கொண்டுபோய் வைத்தேன். கண்ணைத் திறக்காமலே, "என்ன, ஆள் மாறிடுச்சா? காலடி கனமா இருக்கே" என்றார். அவர் வாய் திறந்து பத்து நாள் ஆகிறது என்று மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு மணி நேரம் என்னை விடவில்லை. உன்னைப் பற்றியே பேச்சு. பாதி விஷயம் எனக்குப் புதிது.

நீ என்ன கோபத்தில் போனாய் என்று கேட்காமலே இரண்டு மாதம் இருந்துவிட்டேன். வாயைத் திறந்து சொல்லேன்.

இப்படிக்கு,
நான்தான்.

மார்ச் 28

என்னங்க,

வாத்தியாருக்கு மஞ்சள் ரோஜாதான் பிடிக்கும். சிவப்பு வைத்தால் முகம் சுளிப்பார்.

கேட்டதால் சொல்கிறேன். அன்று சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது, பேரனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று பேச்சு நடந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "இவளுக்கு என்ன தெரியும், செடிக்குத் தண்ணி ஊத்துறதைத் தவிர" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். தேநீர்த் தட்டு என் கையில் இருந்தது. கீழே போடாமல் வைத்தேன், அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயம் நடந்திருக்கிறது. பேரனுக்குக் காய்ச்சல் என்று பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். முற்றத்தில் இருபது ரோஜாச் செடி காய்ந்து நின்றது. சும்மா இருக்க முடியவில்லை. உட்கார்ந்து பட்ட கிளையை ஒடித்துப்போட்டேன். தலைமை நர்ஸ் வந்து, "அம்மா, உங்களுக்கு இது தெரியுமா? எங்களுக்குச் செஞ்சு தர்றீங்களா?" என்றாள். காலை ஏழு முதல் பதினொன்று வரை இப்போது அங்கேதான் இருக்கிறேன். தோட்ட வேலைக்கு என்னை எடுத்துக்கொண்டார்கள்.

இப்படிக்கு,
நான்.

ஏப்ரல் 6

இந்தாம்மா,

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு அங்கேதான் இருக்கிறது.

சம்பந்திக்குப் போன் போட்டேன். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் பேசினது தப்புங்க" என்றேன். அவர், "எதைச் சொல்றீங்க? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள், நீ மட்டும் அதைச் சுமந்துகொண்டு பஸ் ஏறியிருக்கிறாய்.

மன்னித்துவிடு. உன்னிடம் இந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை என்று எழுதும்போதுதான் உறைக்கிறது.

வேலையை விட்டுவிட்டு வா என்று கேட்கமாட்டேன். நான் ஓய்வு பெற்ற வருஷம் உனக்கு வேலை ஆரம்பிக்கிறது போல.

இப்படிக்கு,
நான்தான்.

ஏப்ரல் 15

என்னங்க,

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். மகள், "அப்பா என்னம்மா எழுதியிருக்காரு?" என்றாள். மாவுப்பூச்சி பற்றி என்று சொல்லிவிட்டேன்.

ரோஜா துளிர்த்துவிட்டது. முதலில் பூத்த ஏழு பூவையும் பெண்கள் வார்டில் கட்டிலுக்கு ஒன்றாக வைத்தோம். மூன்று கட்டிலுக்குப் போதவில்லை. "எங்களுக்கு எப்பம்மா?" என்று ஒருத்தி கேட்டாள். அடுத்த பூ அவளுக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன், அதனால் இப்போது வர முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு ஜன்னல், இரண்டு கட்டில். இங்கே தண்ணீர் மோட்டார் வாரம் ஒருமுறை மக்கர் செய்கிறது, பார்க்கத் தெரிந்த ஆள் இல்லை. உங்கள் முட்டிக்குப் படி ஏற வேண்டாம், எல்லாம் தரைத்தளம். யோசித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நான்.

ஏப்ரல் 22

இந்தாம்மா,

யோசிக்க என்ன இருக்கிறது? ஸ்பானர் பெட்டியை முதலில் எடுத்து வைத்துவிட்டேன், சட்டைகளை அப்புறம்தான்.

தோட்டத்தை நினைத்துக் கவலைப்படாதே. மல்லிகையைத் தையற்கார அம்மா பார்த்துக்கொள்கிறாள். எப்போது தண்ணீரை நிறுத்த வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். "இதெல்லாம் அம்மா எனக்கு எப்பவோ சொல்லிக் குடுத்துட்டாங்க" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டாள். மஞ்சள் ரோஜா வாத்தியார் மருமகள் பொறுப்பு. வீட்டைப் பூட்டிக்கொண்டு வருகிறேன். கேட்டைப் பூட்டவில்லை. வேண்டியவர்கள் வந்து பறித்துக்கொள்ளட்டும்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பஸ் அங்கே வந்துசேரும். என்னைக் கூப்பிட நீ வர வேண்டாம், அது உனக்கு வேலை நேரம். நானே விசாரித்துக்கொண்டு வந்துவிடுவேன். வாசலில் காவலாளி யாரென்று கேட்டால், தோட்டக்கார அம்மாவின் வீட்டுக்காரர் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் நான்தான்.