இடது தோளில் கறுப்புப் பட்டி

22 செப்டம்பர் 2014, திங்கள்

என் கணவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஐந்து நாள். ஒக்லாந்து ஒடாஹுஹுவில் என் தையற்கடையைத் திறந்தேன். இரண்டு காற்சட்டை மடித்துத் தைத்தேன். அதற்குமேல் கை ஓடவில்லை.

மத்தியானம் கூடைப்பந்து அணியின் மேலாளர் அழைத்தார். பதினொரு வருடம் இவர் அந்த அணியின் உடுப்புகளைத் தோய்த்துக் கவனித்தவர். இவர் நினைவாக இந்த சீசன் முழுக்க எல்லா ஜெர்சியிலும் இடது தோளில் கறுப்புப் பட்டி வைக்கப்போகிறார்களாம். நானே தைத்துத் தருவேனா?

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

23 செப்டம்பர்

யோசிக்க என்ன இருக்கு? நெஞ்சு நோகுது எண்டு சொன்ன மனுசன். ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள். "பயிற்சிக்கு உடுப்பு வேணுமாம், கெதியா வந்திடுவன்" எண்டு தகனினி வீட்டில இருந்து காரை எடுத்துக்கொண்டு போனவர். தோய்க்கிற அறையிலயே விழுந்து கிடந்தார். அப்ப பக்கத்தில ஒருத்தரும் இல்லை. இப்ப பட்டியாம்!

முடியாது என்று சொல்லிவிட்டேன்.

27 செப்டம்பர்

மகள் தனுஷா: "அம்மா, தட்ஸ் அ ஹியூஜ் ஆனர். யூஷுவலி பெரிய பிளேயர்ஸுக்குத்தான்." இருக்கலாம். எங்களுக்குத் துக்கத்துக்கு வெள்ளை. கறுப்போ வெள்ளையோ, எனக்குக் களைப்பாக இருக்கிறது.

4 அக்டோபர்

இன்றும் சமைக்கவில்லை.

10 அக்டோபர், வெள்ளி

இன்று முதல் ஆட்டம். காலையில் கடை வாசலில் குனிந்து நுழைந்தான் ஒருவன் — அணித்தலைவன் செமிசி, தொங்காத் தீவுக்காரன். பையில் பன்னிரண்டு ஜெர்சி. நான் மறுத்ததால் ஆட்டக்காரர்களே தைத்திருக்கிறார்கள். ஒருவன் மீன்பிடி நூலால். இன்னொருவன் பட்டியோடு கழுத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டான், தலை நுழையாது. தொங்குகிற பட்டியில் விரல் மாட்டும், இதோடு இறங்க விடமாட்டோம் என்று நடுவர்கள் சொன்னார்களாம்.

"ஒக்லாந்தில் வேறு தையற்கடை இல்லையா?"

"மேலாளர் வேறு கடைக்குத்தான் அனுப்பச் சொன்னார். நான்தான் மாட்டேன் என்றேன்."

"ஏன்?"

தரையைப் பார்த்தான். "அந்த ஞாயிறு உடுப்பு வேண்டும் என்று அவருக்கு மெசேஜ் அனுப்பியது நான். திங்கள்வரை பொறுத்திருக்கலாம்."

வாயில் என்னவெல்லாமோ வந்தது. ஆனால் அவனுடைய விரல்களைப் பார்த்துவிட்டேன். ஊசி குத்தி, நாலு விரலில் பிளாஸ்டர்.

கதிரையைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பிரித்துத் தைத்தேன். இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருந்தான்.

"என்மேல் கோபமா?"

"ஓம்," என்றேன் தமிழில். விளங்கிக்கொண்டான்.

11 அக்டோபர்

நேற்றைய ஆட்டத்துக்கு நான் போகவில்லை. தனுஷா போனாள். தோற்றுவிட்டார்களாம்.

6 பிப்ரவரி 2015, வெள்ளி

இன்று ஆட்டம் பார்க்கப் போனேன். தனுஷாவின் கரைச்சல் தாங்காமல்தான். பக்கத்து இருக்கையில் கிளென்ஃபீல்டிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்தப் பட்டிகளைக் காட்டி, "யார் இறந்தது?" என்று கேட்டாள்.

இறந்தது எல்லோருக்கும் தெரியும் என்பதால் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இவள் கேட்டாள். என் கணவர் என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. இடைவேளை முழுக்க இவரைப் பற்றியே கதைத்தேன். பட்டி வைப்பது இதற்குத்தானோ? தெரியாத ஒருவர் கேட்க வேண்டும் என்பதற்கா?

14 செப்டம்பர் 2015, திங்கள்

புது சீசன் ஜெர்சிகள் நீளம் குறைக்க வந்தன. கொண்டுவந்தவர் புதிய உடுப்புப் பொறுப்பாளர், என் வயதுக்காரர். பட்டி தொடர வேண்டுமா என்று மேலாளர் கேட்கச் சொன்னாராம்.

"ஒரு சீசன் போதும்."

தோய்த்தால் இலக்கங்கள் உரிகின்றன என்று குறைப்பட்டார். உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத்தண்ணீரில் தோய்த்து, நிழலில் காயப் போடச் சொன்னேன். எப்படித் தெரியும் என்றார்.

"என் கணவர் அப்படித்தான் செய்வார்."

இவருடைய பெயரைக் கேட்டார். திருநாவுக்கரசு என்றேன். கொப்பியை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு, அவசரப்படாமல் எழுதிக்கொண்டார்.