நிற்பதற்கு என்ன கூலி

ஜூன் 2, செவ்வாய்

இன்று லைசென்ஸ் அலுவலகம். எனக்கு முன்னால் நின்ற ஒருவன் டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது அவன் இடத்தை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பாவம்தான், ஆனால் வரிசைக்கு வருகிறவர்கள் வாயையும் வயிற்றையும் வீட்டிலேயே கட்டிப் போட்டுவிட்டு வர வேண்டும். முன்னால் நிற்பவரிடம் சிநேகம் பிடித்துப் பிரயோஜனமில்லை, பின்னால் நிற்பவரிடம் பிடிக்க வேண்டும் – நம் இடத்துக்கு அவர்தான் சாட்சி. சுவரில் சாயவே கூடாது. சாய்ந்தால் கால் செல்லம் கொஞ்சும். இதையெல்லாம் எந்தக் காலேஜில் சொல்லித் தருகிறார்கள்? 'அடுத்தவங்களுக்காகச் சும்மா நிக்கிறதுக்குக் காசா?' என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் சும்மா நின்று பார்க்கட்டும்.

அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று மகளிடம் ஆபீஸில் கேட்டார்களாம். லாஜிஸ்டிக்ஸ் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அப்படியென்றால் என்ன என்றேன். சாமான்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதாம். "நான் ஒரே இடத்துல நிக்கிறவடி" என்றேன். சிரித்துவிட்டாள். சிரித்தால் சரி. இவர் டாக்ஸியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறார், நான் நின்று சம்பாதிக்கிறேன். இரண்டும் சேர்ந்துதான் அவளைப் படிக்க வைத்தது.

சாயங்காலம் தெருமுனை இஸ்திரிக்கார அண்ணன் வந்தார். சனிக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்கு விழித்திரை டாக்டர் வருகிறார். மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும்தான் வருவார், பத்து டோக்கன்தான். அண்ணிக்கு இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. இப்போது வலது கண்ணிலும் ஓரமாகத் திரை இழுத்த மாதிரி மறைக்கிறதாம். அண்ணியால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது. அண்ணன் நின்றால் கடையை அடைக்க வேண்டும், அடைத்தால் லாட்ஜ் படுக்கை விரிப்புகள் நேரத்துக்குப் போகாது, அந்த வாடிக்கை கைவிட்டுப் போகும்.

"நீ நின்னா டோக்கன் கையில வந்த மாதிரிதாம்மா" என்றார்.

வந்த மாதிரிதான் என்று நானும் சொன்னேன். ஆஸ்பத்திரி வரிசைக்கு வழக்கமாக வாங்குகிற கூலியைச் சொன்னேன். முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் 4, வியாழன்

'புதுசு' போன் செய்தார். நானும் இவரும் வைத்த பெயர். எது புதிதாக வந்தாலும் முதல் நாளே அந்த மனிதர் கையில் இருந்தாக வேண்டும். போன வருடம் நான் நின்று வாங்கிக் கொடுத்த போனில் ஒரு கீறல்கூட இல்லை, நானே பார்த்தேன். அதற்கு என்ன கேடு என்று கேட்டேன். "அது பழசாயிடுச்சும்மா" என்றார், யாரோ இறந்துபோன குரலில்.

சனிக்கிழமை காலையில் ஷோரூமில் புது மாடல், முதல் நாள் ஐம்பது பேருக்குத்தான். ஆஸ்பத்திரிக்கு நான் வாங்குவதைப் போல எட்டு மடங்கு தருகிறாராம்.

எட்டு மடங்கு! அதே கால், அதே மூட்டு வலி. வரிசையின் அந்தக் கோடியில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து என் காலுக்கு விலை போடுகிறார்கள். சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டேன்.

இரண்டும் ஒரே காலையில். அதனால் என்ன, சமாளிக்கலாம். சனிக்கிழமை காலையில் இவருக்குச் சவாரி குறைவு. ஆஸ்பத்திரியில் இவர் நிற்கட்டும். ஷோரூம் முரட்டு வரிசை, அதற்கு நான்தான் சரி.

ஜூன் 6, சனி

போன் கிடைத்தது. வாங்குகிற ஒவ்வொருவருக்கும் கடைப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அதற்கும் சம்பளம் இருக்கும்போல. பெட்டியைப் பைக்குள் வைக்கும்போது இவரிடமிருந்து அழைப்பு.

டோக்கன் கிடைக்கவில்லை.

ஒன்பதாவது ஆளாக நின்றிருக்கிறார். ஒன்பது! கையில் வந்த டோக்கன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்து அழுதாளாம், முன்னால் விட்டாராம். அடுத்து தடியூன்றிக்கொண்டு ஒரு பெரியவர். அவரையும் விட்டாராம். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட, அவர்களை இவரே சமாதானம் வேறு செய்திருக்கிறார். இவர் முறை வந்தபோது ஜன்னலை மூடிவிட்டார்கள்.

நடுரோட்டில் கத்தினேன். "அந்தப் பிள்ளை அழுதுச்சு. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று கேட்டார். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். கல்நெஞ்சக்காரி என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

"அது உங்க இடமா? அண்ணியோட இடம். அடுத்தவங்க இடத்தை எடுத்து தானம் பண்ண நீங்க யாரு?"

போனை வைத்துவிட்டேன்.

நேராக இஸ்திரிக் கடைக்குப் போனேன். ஒளிந்துகொள்வது எனக்குப் பழக்கமில்லை. வெளியே போகிற உடுப்பில், மருந்துச் சீட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி தயாராக உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது என்று மறைக்காமல் சொன்னேன், நான் எங்கே போயிருந்தேன் என்பதையும் சேர்த்துத்தான். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த மாதம் கூலியே வேண்டாம், நானே நிற்கிறேன் என்றேன்.

அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "காசு கொடுத்தே நடக்கல. சும்மா எப்படிங்க நடக்கும்? நீங்க சிரமப்பட வேண்டாம். அடுத்த மாசம் கடையை அடைச்சிட்டு நானே நின்னுக்கிறேன்."

நீங்க. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட என்னை அவர் 'நீங்க' என்று சொன்னதில்லை.

ஜூன் 7, ஞாயிறு

இவரோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டேன்.

ஜூன் 9, செவ்வாய்

பேசிவிட்டேன். எத்தனை நாள்தான் ஒரே அறையில் முறைத்துக்கொண்டு கிடப்பது? இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "என்னை ஏன் அங்க அனுப்புன?"

இந்த நோட்டை எடுத்துப் பின்னால் புரட்டினேன்.

மேலே 'முரட்டு வரிசை' என்று எழுதி வைத்திருக்கிறேன். சுத்தப் புளுகு. ஷோரூமில் கயிறு கட்டி, நாற்காலி போட்டு, மின்விசிறி வைத்து, தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். நான் பாதி நேரம் உட்கார்ந்துதான் இருந்தேன். அந்த வரிசைக்கு யாரை அனுப்பியிருந்தாலும் போன் வந்திருக்கும். ஆஸ்பத்திரியில்தான் அழுகையும் கெஞ்சலும் தள்ளுமுள்ளும். இளகிய மனசுக்காரரை அங்கே தள்ளிவிட்டது நான்தான். கூலி எட்டு மடங்கு என்றதும் வேலையும் எட்டு மடங்கு பெரிது என்று நினைத்துவிட்டேனே! என் காலுக்கு யாரோ விலை போடுகிறார்கள் என்று சிரித்தேன். அந்த விலையை முதலில் நம்பியவள் நான்.

இதை இவரிடம் சொன்னேன். "சரி விடு" என்றார். விடவில்லை, இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜூன் 20, சனி

புதுசு மறுபடி கூப்பிட்டார். கறுப்பு வாங்கியது தப்பாகிவிட்டதாம். பார்க்கிறவர்கள் எல்லோரும் வெள்ளி நிறம் வைத்திருக்கிறார்களாம். ஜூலை 4 காலையில் வெள்ளி நிறம் வருகிறது, நிற்க முடியுமா? கறுப்பை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அலமாரியில் இருக்கட்டும் என்றார். அன்றைக்கு எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். என்ன வேலை? எனக்கே தெரியாது. ஆனால் ஷோரூமில் நிற்கப்போவதில்லை, அது மட்டும் தெரியும்.

ஜூன் 28, ஞாயிறு

தெரிந்துவிட்டது! அண்ணன் என்னை நிற்க விடமாட்டார், சரி. அவரே நிற்கட்டும். கடையில் நான் நிற்கிறேன். லாட்ஜ் விரிப்பும் போகும், டோக்கனும் வரும்.

போய்ச் சொன்னேன். அண்ணன் முகம் கொடுக்கவில்லை. விரிப்பு மடிக்கத் தெரியுமா, பட்டு எது பாலியஸ்டர் எது என்று தெரியுமா என்று இன்டர்வியூ வைத்தார். தெரியும் என்றேன், பாதிதான் தெரியும். உள்ளேயிருந்து அண்ணிதான் குரல் கொடுத்தார்: "போடட்டும் விடுங்க. கருக்கினா அவங்க காசுலதானே?"

என் தொழில் ரகசியம் அத்தனையும் அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறு யாருக்கும் சொன்னதில்லை.

ஜூலை 4, சனி

அப்பப்பா, இடுப்பு விட்டுப்போச்சு.

இந்த அண்ணன் நாள் முழுக்க நின்றுகொண்டுதான் வேலை செய்கிறார் என்பது இத்தனை வருடம் என் மண்டையில் ஏறவேயில்லை. பார்த்திருக்கிறேன், ஆனால் அதை நிற்பது என்று நினைத்ததில்லை. நான் நிற்கிறபோது கையாவது சும்மா இருக்கும். இங்கே நெருப்பாய்க் கொதிக்கிற பெட்டியைத் தள்ளிக்கொண்டே நிற்க வேண்டும். விரிப்புகள் நேரத்துக்குப் போய்விட்டன. ஒரு தலையணை உறையைக் கருக்கினேன். காசை எடுத்து வைத்துவிட்டேன். காரில் வந்த ஒருவர், தன் ஒரு சட்டையின் விலைக்கு இந்தக் கடையையே வாங்கலாம் என்று பெருமையடித்துவிட்டு, அதே சட்டையைத் தேய்த்ததற்குக் கூலியைக் குறைக்கச் சொல்லி நின்றார். என்னிடமா! பைசா குறைக்கவில்லை. அவர் பேசப் பேச நான் அடுத்த சட்டையை விரித்துவிட்டேன். வரிசையில் நிற்கிறவளுக்கு இல்லாத பொறுமையா?

வெயில் ஏறுமுன் அண்ணன் போன் செய்தார். மூன்றாவது டோக்கன். "யார் அழுதாங்க?" என்று கேட்டேன். "எல்லாரும்தான்" என்றார்.

ஜூலை 5, ஞாயிறு

கருகிய உறையோடு போனேன். அண்ணன் விவரம் சொன்னார். லேசர் போட்டிருக்கிறார்கள். வலது கண்ணில் மிச்சமிருக்கும் பார்வைக்கு இனிமேல் பயமில்லை. நேரே இருப்பது நன்றாகத் தெரியும். ஓரத்தில் போனது போனதுதான். போன மாதமே வந்திருந்தால் அதில் பாதியையாவது பிடித்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

இதைச் சொல்லும்போது அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்காகத்தான் பார்க்கவில்லை என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அழுதேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 6, திங்கள்

இனிமேல் ஒரே கூலி. மணிக்கு இவ்வளவு, அவ்வளவுதான். அந்தக் கோடியில் போன் இருந்தாலும் சரி, டாக்டர் இருந்தாலும் சரி. பழைய ஆஸ்பத்திரிக் கூலியைவிடக் கொஞ்சம் மேலே, புதுசு தருவதோடு பார்த்தால் பாதாளத்தில். ஒப்புக்கொண்ட வரிசையில் நானே நிற்பேன், ஆள் மாற்ற மாட்டேன்.

கட்டுப்படியாகுமா என்று இவர் கேட்டார். மகள் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்சம் இடிக்குமே அம்மா என்றாள். இடிக்கட்டும். எனக்கு வேலை தெரியும், ஊரில் வரிசைக்கா பஞ்சம்?

ஜூலை 15, புதன்

புதுசுக்கு இப்போது செருப்பு வேண்டுமாம், ஓடுகிற செருப்பு. ஓடுவதை நான் பார்த்ததில்லை. என் புதுக் கூலியைச் சொன்னேன்.

"ஏம்மா இவ்வளவு கம்மி? உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது, எல்லோருக்கும் இதுதான் கூலி என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். சாயங்காலம் இவர் விசாரித்து வந்து சொன்னார்: என்னைப் போல பன்னிரண்டு மடங்கு கேட்கிற ஓர் ஆளைப் பிடித்துவிட்டாராம், ரொம்பத் திருப்தியாம்.

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஜூலை 22, புதன்

பள்ளிக்கூடச் சேர்க்கை, பாஸ்போர்ட், மறுபடி பள்ளிக்கூடம். இந்த மாத வரவு போன மாதத்தைவிடக் குறைவுதான். கால் வலி அதேதான். நாளைக்கும் இரண்டு வரிசை.

ஜூலை 26, ஞாயிறு

தேய்த்த துணிகளோடு இன்று அண்ணியே வந்தார். வழக்கமாக அண்ணன்தான் கொண்டுவருவார். படியேறும்போது தலையை முழுதாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் ஏறினார். கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றுவிட்டார்.

உட்காரவில்லை. துணியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் பேசினார். "அன்னிக்கு நீ நின்னிருந்தா எனக்கு இந்தப் பக்கமும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும். மனசுல வெச்சுக்கிட்டு உன் மூஞ்சில முழிக்க என்னால ஆகாது. அதான் சொல்லிட்டேன்."

"ஆமாண்ணி" என்றேன்.

"ஒண்ணாம் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்கார் டாக்டர். உங்கண்ணனுக்கு லாட்ஜ் வேலை. நீ நிக்கிறியா?"

நிற்கிறேன் என்றேன். எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன்.

"போன தடவை இதைவிடக் கம்மியாத்தானே கேட்ட?"

இப்போது எல்லோருக்கும் இதுதான், குறைக்க மாட்டேன் என்றேன்.

அண்ணி யோசித்தார். "சரி. அப்ப நானும் இந்த வாரத்துல இருந்து துணிக்குக் கூலியை ஏத்திடறேன். நாங்களும் நின்னுகிட்டுத்தானே தேய்க்கிறோம்?"

"ஏத்துங்கண்ணி. எல்லாருக்கும் ஏத்துங்க."

இடுப்புப் பையிலிருந்து முன்பணத்தை எடுத்து நீட்டினார். நான் நின்றிருந்தது அவருக்குத் தெரியாத பக்கம். கை வேறெங்கோ போனது. நான் நகர்ந்து அவருக்கு நேர் எதிரே வந்து நின்று வாங்கிக்கொண்டேன்.