வாக்குமூலம் என்று போட முடியாத தாள்

மே 6, செவ்வாய். மழை.
கிடைத்துவிட்டது!!! இராணுவ நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப்பட்ட பலஸ்தீனப் பெடியனைப் பற்றிய படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் நான்!!! கொரிய நாடகங்களுக்குப் போட்டுப் போட்டு நானாகப் பழகிய வேலை. ஞாயிறு பிளாக்டவுன் நூலகத்தில் காட்டுகிறார்கள். சனிக்குள் முடிக்க வேண்டும்.
செய்ய: ஹெட்போன் சார்ஜ். பால். படம் காட்டும் நிவேதா அக்காவுக்கு ஓம் சொல்ல.

மே 7, புதன்.
பதினொரு நிமிடம் முடிந்தது. பெடியனுக்கு 15. கல்லெறிந்தானாம். வீட்டில் வந்து ஆமி பிடித்தது. விசாரிக்கும்போது பக்கத்தில் அம்மா இல்லை, லோயர் இல்லை. ஹீப்ருவில் ஒரு தாள், அவனுக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்து. பக்கத்துக் குடியேற்றத்து யூதப் பெடியன் எறிந்தால் சாதாரண நீதிமன்றம்.
பிறகு வந்த லோயர் தாயிடம்: குற்றத்தை ஏற்றால் சில மாதம், வழக்காடினால் அதைவிடக் கூட நாள் உள்ளே காத்திருக்க வேண்டிவரும். ஏற்றான்.
மூன்று தரம் பார்த்தேன். அழுகை வரவில்லை. நூடில்ஸ் சாப்பிட்டேன்.

மே 8, வியாழன். குளிர்.
அப்பா செவன் ஹில்ஸ் வெயர்ஹவுஸ் வேலை முடிந்து வந்து கதிரையில் சாய்ந்தார்.
"என்ன நாடகக்காரி, இண்டைக்கு ஒருத்தரும் கலியாணம் கட்டேல்லையோ?"
லப்டொப்பைத் திருப்பிக் காட்டினேன். தாள் வரும் இடம். ஆங்கில சப்டைட்டிலில் 'ஸ்டேட்மென்ட்'. நான் போட்டிருந்தது: 'வாக்குமூலத்தில் கையெழுத்திட்டான்.'
"பிழை."
"ஸ்டேட்மென்ட் எண்டா வாக்குமூலம்தானே அப்பா."
"ஆற்ற வாக்கு? அவன்ர வாயால வந்ததோ?"
"அப்ப என்ன போடுறது?"
"தெரியாது. நானும் உப்பிடி ஒரு தாளில கையெழுத்து வைச்சனான். சிங்களத்தில. என்ன எழுதிக் கிடந்ததெண்டு இண்டைக்கும் தெரியாது."
"எத்தின வயசில?"
"பதினேழு. தேத்தண்ணி போடன்."
போட்டேன். சீனி போட மறந்துவிட்டேன். அப்படியே குடித்து முடித்தார்.

மே 10, சனி.
அந்த ஒரு வரி மட்டும் மிச்சம். ஒப்புதல்: அவன் எங்கே ஒப்புக்கொண்டான்? அறிக்கை: பள்ளிக்கூட ரிப்போர்ட் மாதிரி. ஆவணம்: வீடு வாங்குகிற மாதிரி.
நிவேதா அக்கா மெசேஜ்: "வாக்குமூலம் எண்டே விடுமன், எல்லாருக்கும் விளங்கும்."
விளங்கும். அவன் சொன்னதாக விளங்கும்.
கடைசியில் போட்டது: 'வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைக்கப் பண்ணினார்கள்.' திரையில் மூன்று செக்கன், மெதுவாக வாசிக்கிற ஆட்களுக்கு நேரம் காணாது. அனுப்பிவிட்டேன்.
அப்பாவை வரச்சொல்லிக் கேட்கவில்லை. நாளைக்குச் சேர்ட் அயன் பண்ணி வைத்திருக்கிறார்.
என் சப்டைட்டில் பேஜில் போட: உங்கட வீட்டிலயும் ஆராவது அப்பிடி ஒரு தாளில கையெழுத்து வைச்சவையோ? அதை வீட்டில என்னெண்டு சொல்லுறவை? கேட்டு எழுதுங்கோ.