இருபதாவது மோட்டார்

இன்று காலை மதராஸிலிருந்து ஓர் ஏஜெண்டு வந்து என் மேஜைமேல் ஒரு கம்பிச் சுருளை வைத்தார். அலுமினியக் கம்பி. "இனிமே செம்பை மறந்துடுங்க சார். மோட்டார் செய்யறவங்க எல்லாரும் இதுக்குத்தான் வந்தாகணும்" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கட்டைவிரல் நகம் கம்பியின் மேல்பூச்சைக் கீறிப் பார்த்தது. அது உன் பழக்கம். என் கைக்கு எப்போது வந்து சேர்ந்தது என்று தெரியவில்லை. அவர் போன பிறகு வேறு வேலை ஓடாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ ரயில்வே உத்தியோகத்தை விட்டுவிட்டு என்னோடு சேர்ந்து அரியமங்கலத்தில் தகரக் கொட்டகை போட்டாயே, அப்போது ஊர் ஊராக மின்கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பம் எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊருக்கு அடுத்த பஸ்ஸில் நான் போவேன். லால்குடி, முசிறி, துறையூர் என்று சுற்றி, கிணற்று மோட்டாருக்கு ஆர்டர் வாங்கி வருவேன். செய்வது உன் பொறுப்பு. ஓடுகிற மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சூடு பார்ப்பாய். உன் கை திருப்திப்படாமல் ஒரு மோட்டார்கூட வெளியே போனதில்லை.

நான் ஆர்டர் சீட்டுகளை விசிறி போல விரித்துக் காட்டினால் நீ சந்தோஷப்பட மாட்டாய். "விக்கிறதைப் பத்தி எனக்குக் கவலை இல்லடா. வித்ததுக்கப்புறம் அது கிணத்துக்குள்ள தனியாக் கிடக்கும். அங்க நீயும் இருக்க மாட்டே, நானும் இருக்க மாட்டேன்" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும்.

சீனச் சண்டைக்குப் பிறகு செம்புக்குத் தட்டுப்பாடு வந்தது. அரசாங்கம் ஒதுக்கிய கம்பி பாதி வேலைக்குக்கூடக் காணவில்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கோடை நெருங்கியது. கோடையில் விற்காத மோட்டாரை ஆடிப் பெருக்குக்குப் பிறகு யார் வாங்குவார்கள்? நான் எங்கோ விசாரித்து, யாரோ ஒரு வியாபாரியிடம் கம்பி பிடித்து வந்தேன். நீ நகத்தால் கீறினாய். பூச்சு வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது.

"இதுல சுருள் சுத்த வேணாம்."

"இந்த ஒரு தடவைதான். இல்லேன்னா கொட்டகையை மூடிட்டு ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பிடலாமா? நீயே போய் அவங்ககிட்டச் சொல்லு."

நீ கம்பியைக் கீழே வைத்துவிட்டு ஆட்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாய். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். இருபது மோட்டார்கள் அந்தக் கம்பியில் உருவாகிப் போயின. அந்தக் கோடை முழுவதும் நீ சிரித்து நான் பார்க்கவில்லை.

முதல் மோட்டார் சித்திரையில் திரும்பி வந்தது. சமயபுரம் பக்கத்து விவசாயி ஒருவர் அதை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். உள்ளே சுருள் கரியாகியிருந்தது. நீ அதன் முன்னால் குந்தி, கரியை விரலால் தொட்டுப் பார்த்தாய்.

"இன்னிக்கு எரிஞ்சிருக்கு. நாளைக்கு மின்சாரம் மேல் இரும்புக்கே வந்துடும். மிச்சம் பத்தொன்பதையும் திருப்பி எடுத்தாகணும்."

"வோல்டேஜ் கம்மி, அதான் எரிஞ்சுதுன்னு சொல்லிக்கலாம். நாமளே ஊரைக் கூட்டிச் சொன்னா நம்ம பேரு என்ன ஆகும்?"

"பேரு போனாப் போகட்டும்" என்றாய். மறுநாளிலிருந்து நீயே ஊர் ஊராகப் போனாய். வெயிலில் கறுத்துப் போனாய். ஐந்து வாரத்தில் பதினேழு மோட்டார்கள் கொட்டகைக்குத் திரும்பியிருந்தன.

இதுவரை உனக்குத் தெரிந்ததுதான். இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது.

நீ கடைசியாகப் போனாயே, அதற்கு முதல் நாள் கொள்ளிடத்துக்கு அந்தக் கரையிலிருந்து ஒரு விவசாயி என்னைத் தேடி வந்தார். நீ வெளியே போயிருந்தாய். "மோட்டாரைத் தொட்டா ஜிவ்வுனு இழுக்குதுங்க. நிறுத்தி வச்சிருக்கேன். பயிரு காயுது, என்னங்க பண்றது?" என்று கேட்டார். தொலைவிலிருந்த ஓர் ஊருக்கு நாலு புது மோட்டார் அனுப்ப வேண்டிய நாள் அது. உன்னிடம் சொன்னால் அதையும் நிறுத்துவாய் என்று எனக்குத் தெரியும். "ஈரம் ஏறியிருக்கும். நாலு மணி நேரம் விடாம ஓட்டுங்க, காஞ்சு சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாலையில் நீ வந்தபோது நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மறுநாள் அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு மடை திருப்பப் போயிருக்கிறார். நீ ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து, மோட்டாரைத் திருப்பி எடுக்க நேராக அங்கே போயிருக்கிறாய். கிணற்றுப்படியில் இறங்கி, வழக்கம்போல் உள்ளங்கையை வைத்திருக்கிறாய்.

நான் போய்ச் சேர்ந்தபோது உன்னை மேலே தூக்கிப் பூவரசு நிழலில் கிடத்தியிருந்தார்கள். அந்த மனிதர் என்னைப் பார்த்ததும் மெதுவாகச் சொன்னார்: "நீங்க சொன்னபடிதாங்க ஓட்டினேன்." வேறு யார் காதிலும் அது விழவில்லை. அவரும் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா மண்டபம் சாலையில் உன் வீட்டுக்கு மாதாமாதம் போய்வந்தேன். போகும்போதெல்லாம் உன் மனைவி மரகதம், "அண்ணே, நீங்க மட்டும் இல்லேன்னா எங்க கதி என்னாயிருக்கும்" என்று சொல்லும். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே காப்பியை விழுங்குவேன். நாலு வருஷம் விழுங்கினேன். போன மாதம் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மரகதம் அழவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தது. "எத்தனை மோட்டார் திரும்பி வந்துது?" என்று கேட்டது.

"அவன் போனதுக்கப்புறம் வந்த ரெண்டையும் சேர்த்துப் பத்தொன்பது. ஒண்ணை மட்டும் வாங்கினவர் வித்துட்டாராம். எங்கேன்னு தெரியல. அதுக்கப்புறம் நானும் தேடல."

"அதைக் கண்டுபிடிச்சுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டது. அண்ணே என்று கூப்பிடவில்லை.

அதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ஊர் ஊராகப் போகிறேன். வாங்கியவர் நிலத்தை விற்றுவிட்டு எங்கோ குடிபெயர்ந்துவிட்டார். மோட்டார் முசிறிப் பக்கம் போனதாக ஒருவர் சொல்கிறார். துறையூருக்கு என்கிறார் இன்னொருவர். பெயர்த்தகட்டைக் கழற்றி வேறு பெயர் அடித்துவிட்டார்கள் என்றும் கேள்வி. இந்த வருஷம் மழை இல்லை. எல்லாக் கிணறுகளிலும் பகல் முழுக்கத் தண்ணீர் இறைக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடந்தால் நாலு திசையிலும் மோட்டார் சத்தம் கேட்கிறது. அதில் எது நம்முடையது என்று எனக்குத் தெரியவில்லை.