அப்பாவுக்கு அவசரமில்லை

ம்கோபா, குவேரு
ஜூலை, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஷிங்கிராய்க்கு,

நீ நன்றாகத் தூங்கியிருந்தால் நானும் தூங்கினேன் என்றுதான் நாம் நலம் விசாரிப்போம். நான் தூங்கவில்லையடா, நீயும் தூங்கியிருக்க மாட்டாய் என்றே வைத்துக்கொள்கிறேன். இங்கே குளிர் விடவில்லை, கீரைப் பாத்தியைப் பக்கத்து வீட்டு ஆடு மேய்ந்துவிட்டது, அதெல்லாம் கிடக்கட்டும். உன் தொடை எப்படி இருக்கிறது? நூறு மீட்டர் ஓட்டத்தில் பாதியிலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்ததை உன் தங்கை நெட்சாயின் போனில் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சட்ஸாக் களி தொண்டையில் இறங்கவில்லை. இனி ஓட்டம் வேண்டாம், நீளம் தாண்டுதல் மட்டும் போதும் என்று உன் பயிற்சியாளர் சொன்னபோது அப்பாடா என்றிருந்தது. இப்போது நாட்டு அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டியையும் விட்டுவிட்டு, அப்பாவின் ஆவியை வீட்டுக்கு அழைக்கும் சடங்கைச் சொல்லி ஊருக்கு வருகிறேன் என்கிறாய்.

உன்னை வரச்சொல்லி எழுதத்தான் போன வாரம் எல்லாரும் கூடினார்கள். "அடக்கத்துக்கும் வரல, இதுக்கும் வரலேன்னா என் தம்பி சும்மா இருப்பானா? அந்தக் கால்வலியே அவன் கோவந்தான்" என்று பெரியப்பா ஒரே பிடியாக நின்றார். எனக்கும் பயம்தான், சடங்குக் கள்ளுக்குக் கேழ்வரகை ஊறவைக்க எடுத்தேவிட்டேன். அப்போதுதான் சிக்கோமோ எழுந்தார். அப்பாவின் சடங்குத் தோழர் அல்லவா, இறந்தவரைப் போல நடித்து அவர் என்ன கேலி செய்தாலும் யாரும் கோபிக்க முடியாதே. அப்பாவின் ரயில்வே கோட்டை மாட்டிக்கொண்டு, அப்பாவைப் போலவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நீ தாண்டிப் பழக அப்பா ஆற்று மணல் கொட்டிய குழி கொல்லையில் இருக்கிறதே, அதன் ஓரத்தில் போய் நின்றார். "ஏண்ணே, உசிரோட இருந்தப்பவே பஸ்ஸை ஓடிப் புடிக்காதவன் நான், செத்தப்புறம் எனக்கென்ன அவசரம்? அடுத்த வருஷம் கூப்பிடு, வரேன். இப்ப தள்ளி நில்லு, என் பையன் தாண்டுறதை மறைக்கிறே" என்றார். பெரியப்பா சிரித்தார், பிறகு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். சடங்கை அடுத்த வருஷத்துக்குத் தள்ளியாயிற்று.

இதைக் கேட்டு உனக்கு நிம்மதி வருமென்று நினைத்தேன். நெட்சாய் போனில் சொன்னபோது நீ "இல்ல, சடங்கு இல்லேன்னாலும் அப்பாவுக்காக நான் வந்தே தீருவேன்" என்றாயாம். அதைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. நீ அப்பாவுக்காக வரவில்லையடா, போட்டியில் தாண்டி விழவேண்டிய மணலுக்குப் பயந்து வருகிறாய். வலி என்றால் சொல், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா, இந்த வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள், கேட்டால் நான் இருக்கிறேன். பயம் என்றால் அதையும் சொல். ஆனால் உன் அப்பாவைச் சாக்காகச் சொல்லாதே, அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

கடவுளும் நம் முன்னோரும் உனக்குத் துணை நிற்கட்டும். வலியா பயமா, மறக்காமல் ஒரு வரி எழுது. கேழ்வரகை மூட்டை கட்டி உள்ளே வைத்துவிட்டேன். மணல் குழியில் புல் மண்டிக் கிடந்தது, நேற்று நானே உட்கார்ந்து பிடுங்கினேன். எதற்கென்று கேட்காதே.

ஷிங்கிராயின் அம்மா என்று ஊரார் உன் பெயரைச் சொல்லியே கூப்பிடும்
உன் அம்மா,
மாய் ஷிங்கிராய்